கவிழ்த்து வைத்த கரண்டி

டிரைவரம்மா ஒரு வருடமாகப் புருஷனுக்கு உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மறதியில் இல்லை, வேண்டுமென்றேதான். முதலில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இன்னொரு சிட்டிகை. அப்போதும் இல்லை. பிறகு சிட்டிகைக் கணக்கையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கை போன போக்கில் போட ஆரம்பித்தாள். சூப்போ முட்டையோ உருளைக்கிழங்கோ, எதை வாயில் வைத்தாலும் கடலில் விழுந்து எழுந்த மாதிரிதான். அந்த மனுஷன் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். அவளும் எதிரே உட்கார்ந்து அதையேதான் தின்பாள். முகத்தில் ஒரு சுளிப்புக் காட்ட மாட்டாள். காட்டினால் தோற்றுப்போன மாதிரி அல்லவா?

இவ்வளவும் எதற்காக? "என்னடி இது, உப்பு கரிக்குதே" என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று அவள் நம்பினாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குறுக்கே வந்தவனை ஜன்னலைத் திறந்து நாலு கேள்வி கேட்காவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது. அவள் புருஷனோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். ஆனால் அந்த வாய்க்குள் இருந்த நாக்கு சாதாரண நாக்கு இல்லை. ஊரே கொண்டாடும் ஒரு பெரிய ஓட்டலில் அவன் இரண்டாவது சமையல்காரனாக இருந்தான். ஆளுயரத் தட்டு வைத்து, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஏதோ வைத்துத் தருவார்களே, அந்த மாதிரி ஓட்டல். அங்கே முதலாவது ஆள் பெரிய செஃப். பத்திரிகைக்காரர்கள் அவரை மேதை என்பார்கள். டிரைவரம்மா அவரைத் தாடி என்பாள்.

போன வருடம் அந்தத் தாடியைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கூட்டம் கேமராவோடு வந்திறங்கியது. அவர்கள் வந்திருந்த ஒரு நாள் சாயங்காலம், வேலை நேரத்தில், புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்றான். சாற்றில் உப்பு அதிகம் என்று தாடி சட்டியோடு தூக்கி எறிந்து, எல்லார் முன்னாலும் வெளியே போகச் சொல்லிவிட்டாராம். "என் நாக்கு செத்துப்போச்சாம்" என்று அவளிடம் சொன்னான். அடுத்த வாரம் "செத்துப்போச்சு" என்றான். அதற்கடுத்து ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

அதுவரை வீட்டிலும் அவன்தான் சமைப்பான். அவளைக் கரண்டி தொட விடமாட்டான். ஓட்டல் பழக்கங்களையெல்லாம் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். பால் திரிந்துபோனால்கூட அந்தப் பாத்திரத்தின் மேல் ஒரு கரண்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவான். இதை யாரும் தொடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்டவன் இப்போது அடுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கிடங்குக்கும் அவள் கட்டிக் கொடுப்பதைத்தான் எடுத்துப்போனான். ருசி எப்படி என்று யாராவது கேட்டால் அவளைக் கை காட்டினான். அவளுக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தர் சொன்னதற்காக இப்படியா ஒரு ஆம்பளை தன் நாக்கைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வருவான்? அந்தக் கோபத்தில்தான் உப்பு டப்பாவைக் கையில் எடுத்தாள்.

இந்த நேரத்தில் ஒரு நல்ல சேதி வந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் ஒரு அம்மாள் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கிறாள். எப்போதோ இவன் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறாள் போல, தேடிப் பிடித்துப் போன் செய்தாள். "திங்கக்கிழமை காலைல வந்து ஒருவேளை சமைச்சுக் காட்டுங்க. ஒத்து வந்துச்சுன்னா அடுப்படி உங்களோடது. நான் உள்ள தலையே நீட்ட மாட்டேன்" என்றாள். இவன் "யோசிச்சு சொல்றேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை யோசித்துக்கொண்டே இருந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்த யோசனை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாத்தனார் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். நல்ல மனசு, கொஞ்சம் ஓட்டை வாய். பெரிய சமையல்காரர்களைப் பற்றி வரும் ஒரு படத்தொடர் என்றால் அவளுக்கு உயிர். ஒன்றுவிடாமல் பார்த்திருந்தாள். பாசியைப் பறித்து வறுக்கிறவர், நிலத்தில் குழி தோண்டிக் கோழியைப் புதைக்கிறவள், எல்லார் கதையும் அவளுக்கு மனப்பாடம். சுடுதண்ணீர் வைத்தால் அடிப்பிடிக்கும், அது வேறு விஷயம்.

"அண்ணி, இந்த வாரம் யாரு தெரியுமா? அண்ணா வேலை செஞ்ச ஓட்டல்! அண்ணாவையும் காட்டுவாங்க, பாருங்களேன்" என்று போனிலேயே குதித்தாள். இடுப்பு வலியால் தானாக வேலையை விட்டுவிட்டதாகத்தான் அண்ணன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

டிரைவரம்மா தலைவலி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். புருஷன்தான், "ஆசையா கூப்பிடறா, போயிட்டு வந்துடலாம்" என்றான். தன் கழுத்துக்குத் தானே மாலை வாங்கிக்கொண்டு போகிற ஆடு என்று அவள் மனதுக்குள் திட்டினாள்.

சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்தது. நாத்தனார் சூப்பை ஊற்றிவிட்டு, "அண்ணா, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். அவன் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். நெற்றி லேசாகச் சுருங்கியது. பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "உங்க அண்ணியைக் கேளு" என்றான்.

டிரைவரம்மாவுக்குச் சூப்பு சப்பென்றுதான் இருந்தது. ஆனால் ஒரு வருடமாகக் கடல் தண்ணீர் குடித்த நாக்குக்கு எதுதான் சப்பென்று இருக்காது? விருந்துக்குப் போன வீட்டில் குறை சொல்வானேன் என்று, "எல்லாம் சரியா இருக்கு, நல்லா இருக்கு" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டு முடித்ததும் திரைச்சீலையை இழுத்து விட்டு டிவியைப் போட்டார்கள். நாத்தனார் புருஷன் ரிமோட்டோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். சாப்பிட்டதும் தூங்குவது அவருக்குக் கடவுள் கொடுத்த வரம். சோபாவில் மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

முதலில் மூடுபனி வந்தது. ஒரு வயலின் அழுதது. பனிக்குள்ளிருந்து தாடி கடற்கரையில் தனியாக நடந்து வந்தார். குனிந்து ஈர மணலைத் தொட்டார். எழுந்து தூரத்தில் எதையோ பார்த்தார்.

"மீனு லாரியில வந்து பின்வாசல்ல எறங்குது. இவரு எதுக்குக் கடலைப் போய் மொறைக்கிறாரு?" என்றாள் டிரைவரம்மா.

"சும்மா இருங்க அண்ணி, இதுல ஒரு இது இருக்கு."

'சமையல் என்பது சத்தமல்ல. சமையல் என்பது மௌனம்' என்றார் தாடி, திரையில்.

அந்த மௌனத்தைப் பற்றி டிரைவரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பாத்திரம் கழுவுகிறவளை நாயே பேயே என்று திட்டுகிற மௌனம். முட்டை உடைந்ததற்காக ஒருத்தன் காதுக்குப் பக்கத்தில் வாணலியைச் சுவரில் அடிக்கிற மௌனம். புருஷன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பானே, அதுவும் அந்த மௌனத்தில் சேர்த்திதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சமையலறையைக் காட்டினார்கள். ஒரு சின்ன இடுக்கியால் பூவிதழை எடுத்து மீன் மேல் வைப்பதை ஒரு யுகத்துக்குக் காட்டினார்கள். ஆபரேஷன் பண்ணினால்கூட இவ்வளவு மெதுவாகப் பண்ண மாட்டார்கள். பிறகு தாடி ஒரு கரண்டியை எடுத்து மேஜையில் குப்புறக் கவிழ்த்தார். 'என் சமையலறையில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கரண்டி கவிழ்ந்திருந்தால் அது உணவல்ல. கெட்டுப்போனதோ, காட்சிக்கு வைத்ததோ, யாரும் வாயில் வைக்கக் கூடாது. இருபது பேர் ஓடும் இடத்தில் ஒருவர் உயிரை இன்னொருவர் காப்பது இப்படித்தான். இந்த ஒழுக்கம்தான் நான்' என்றார்.

"அட, அண்ணா வீட்ல செய்யறது!" என்று நாத்தனார் கை தட்டினாள். புருஷன்காரன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எட்டி உதைத்த வீட்டின் பெருமையை இவன் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறானே.

அப்புறம் வந்தது அது. வயலின் நின்று முரசு மாதிரி ஏதோ இடித்தது. அடுப்புக்கு எதிரே ஒரு ஆள், முதுகு மட்டும் தெரிகிறது, குனிந்து சட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறான். தாடி வருகிறார். ஒரு கரண்டி சாற்றை எடுத்து வாயில் வைக்கிறார். கேமரா அவர் முகத்தை நெருங்குகிறது. கண் அங்கும் இங்கும் போகிறது. சட்டென்று சட்டியைப் பிடுங்கித் தொட்டியில் வீசுகிறார். 'உப்பு! உன் நாக்கு செத்துப்போய்விட்டது. செத்த நாக்கோடு என் சமையலறையில் நிற்காதே. போ வெளியே!' அந்த முதுகு திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தது, அவ்வளவுதான். உடனே தாடி தனியாக ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து கண் கலங்குகிறார். 'கண்டிப்பாக இருப்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் ருசிக்கு முன்னால் உறவு கிடையாது.'

சாய்வு நாற்காலியில் வந்துகொண்டிருந்த குறட்டை நின்றுவிட்டது.

"அண்ணா," என்றாள் நாத்தனார் மெதுவாக. "அது உன் முதுகு இல்ல?"

"ஆமா."

"இடுப்பு வலின்னு சொன்னியே."

"ம்."

டிரைவரம்மா எழுந்துவிட்டாள். "அணைங்க அந்தக் கருமத்தை! ஊர் உலகம் பூரா உக்காந்து பாக்கறதுக்கு எங்க வீட்டு மானம்தான் கெடைச்சுதா? அழுதுட்டா எல்லாம் சரியாப் போச்சா? முதுகைக் காட்டினானுங்களே, மூஞ்சியைக் காட்டினானுங்களா? இவருக்கும் ஒரு மூஞ்சி இருக்கு, பொண்டாட்டி இருக்கா, வீடு இருக்குன்னு எவனாவது ஒருத்தன் கேட்டானா?" வருவது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொண்டாள்.

"உக்காரு," என்றான் புருஷன். "முடியட்டும். எழுந்து போனா இன்னும் கேவலம்."

அவள் உட்கார்ந்தாள். தொடையில் ஊன்றிய கையை அவன் பிடிக்க வந்தான். அவள் தட்டிவிட்டாள்.

படம் முடிகிற கட்டம். ஓட்டலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பதார்த்தமாம் அது. வெள்ளைத் தட்டு, நடுவில் பளபளவென்று ஒரு துண்டு மீன், அதன் மேல் மேகம் மாதிரி வெள்ளை நுரை. பின்னாலிருந்து ஒரு வெளிச்சம். தாடி வந்து நின்று தட்டைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்திலிருந்த கரண்டியை எடுத்தார். நுரையும் மீனுமாக ஒரு வாய் அள்ளி உள்ளே வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். வயலின் உச்சியில் ஏறிக் கத்தியது.

'இதில் கடல் இருக்கிறது' என்றார் தாடி. 'என் குழந்தைப் பருவம் இருக்கிறது.'

"எப்படி ரசிக்கிறார்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புருஷன் சோபாவின் நுனிக்கு வந்திருந்தான். "மாப்பிள்ளை, நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்க."

மாப்பிள்ளை ரிமோட்டை அழுத்தினார். தாடியின் வாயிலிருந்து நுரை தட்டுக்குத் திரும்பியது. கரண்டி மேஜைக்குத் திரும்பியது.

"அங்கதான். அந்தக் கரண்டியைப் பாருங்க."

தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி குப்புறக் கிடந்தது.

"தட்டு விளிம்பைப் பாருங்க. ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும்." உடைந்துதான் இருந்தது. "உடைஞ்ச தட்டுல அங்க யாருக்கும் வைக்க மாட்டாங்க. அது நான் எடுத்த தட்டு. என்னை வெளிய போகச் சொன்ன அன்னிக்குக் காலைலதான் படம் எடுக்கறவங்க வந்து கேட்டாங்க. நிஜ நுரை அந்த லைட்டுச் சூட்டுக்கு நிக்கல, வெச்ச உடனே அமுங்கிப் போகுது, அமுங்காத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னாங்க."

"என்ன பண்ணிக் குடுத்தீங்க?" என்றாள் டிரைவரம்மா.

"பாத்திரம் கழுவற சோப்பு. தண்ணில விட்டு அடிச்சேன். கீழ இருக்கறது பச்சை மீன். மினுமினுன்னு தெரியறதுக்கு மேல எண்ணெய் தடவினேன். தெரியாம யாராவது வாயில வெச்சுடப் போறாங்கன்னு பக்கத்துல கரண்டியைக் கவுத்துட்டு என் வேலைக்குப் போயிட்டேன். பாத்துட்டு தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். நாற்காலியே ஆடியது. "அப்போ, சோப்புத் தண்ணியையும் பச்சை மீனையும் தின்னுட்டா குழந்தைப் பருவம் தெரியுதுங்கறாரு?"

"எங்க ஆஸ்பத்திரில வாய் கொப்பளிக்கற மருந்து குடுத்தாலே மூஞ்சி எட்டுக் கோணலாப் போகும்" என்றாள் நாத்தனார். "இவரு எப்படிண்ணா முழுங்கினாரு?"

"அவருக்குத் தெரியல" என்றான் அவள் அண்ணன். "எதுவுமே தெரியல. நாக்கு இல்ல அவருக்கு."

டிரைவரம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. காலையில் சோப்பைத் தின்றுவிட்டுக் கடல் என்றவன், அதே நாள் சாயங்காலம் இவனைப் பார்த்து உன் நாக்கு செத்துப்போச்சு என்றிருக்கிறான். இதுவரை அவள் அவனைத் தாடி என்றாலும் மனதுக்குள் 'ர்' போட்டுத்தான் வைத்திருந்தாள். இப்போது அது போயிற்று.

"இத்தனை வருஷம் கூடவே நின்னீங்களே, அந்தப் பயலுக்கு ருசி தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதை வாயில வெச்சாலும் என் மூஞ்சியைப் பார்ப்பாரு. நான் ஏற்கெனவே பாத்து வெச்சிருப்பேன் இல்லையா, சரியா வந்திருந்தா என் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும், வரலைன்னா ஒரு மாதிரி. என் மேல பிரியம்னு நெனச்சேன். அன்னிக்கு கேமராக்காரர் என்னைத் திரும்பி நின்னு கிளறச் சொல்லிட்டாரு. மூஞ்சி தெரியல அவருக்கு. எதையாவது சொல்லியாகணுமே, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. உப்புன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "பாவம்" என்றான்.

"பாவமா?" டிரைவரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அவனா பாவம்? குருடன்னு தெரிஞ்சும் பஸ் ஓட்டறவனைப் பாவம்னு சொல்வீங்களா? நாக்கு போச்சுன்னா போச்சுன்னு உங்ககிட்ட தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நானே பாவம்னு சொல்லியிருப்பேன். தன் நோவை உங்க தலையில கட்டிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து அழுவறான், அவன் பாவமா? நாளைக்கே என் பஸ்ஸைக் கொண்டுபோய் அவன் வாசல்ல குறுக்க நிறுத்தி, உள்ள இருக்கற அத்தனை பேரையும் எறக்கி, இந்தக் கதையைச் சொல்றேனா இல்லையா பாருங்க!"

"அண்ணி, தண்ணி குடிங்க."

"தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது. "சரி, விடுங்க. அவன் நாசமாப் போகட்டும். அந்த அம்மாவுக்கு இப்பவே போன் பண்ணுங்க. நாளைக்குக் காலைல வரேன்னு சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினான்.

"ஏன்? இன்னும் என்ன? உங்க நாக்கு நல்லாத்தான் இருக்குன்னு அவனே படம் புடிச்சுக் காட்டிட்டானே!"

"அவருக்கு நாக்கு இல்லைங்கறது சரி. அதுக்காக எனக்கு இருக்குன்னு ஆயிடுமா?" அவன் சாந்தமாகத்தான் பேசினான். ரொம்ப நாளாக உள்ளே போட்டுப் புரட்டிய பேச்சு மாதிரி இருந்தது. "அவர் சொன்னதைக் கேட்டு செத்துப்போச்சுன்னு வாயால சொன்னேனே தவிர, முழுசா நம்பலை. ஆனா அதுக்கப்புறம் நீ சமைக்க ஆரம்பிச்சியா, எதைத் தின்னாலும் எனக்குக் கரிக்குது. நாளாக ஆக இன்னும் கரிக்குது. நீ எதிர்ல உக்காந்து நிம்மதியா சாப்பிடற. உனக்கு ஒண்ணும் தெரியல. அப்போ கோளாறு எங்க? இன்னிக்கு தங்கச்சி சூப்புல எனக்கு உப்பே தெரியல. நீ அதையும் சரியா இருக்குங்கற. வீட்ல ஒரு மாதிரி, வெளியில ஒரு மாதிரி சொல்ற நாக்கை வெச்சுக்கிட்டு நான் யாருக்குச் சமைக்கிறது?"

டிரைவரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் வாழ்க்கையில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் அண்ணியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை எதற்கும் இருக்கட்டும் என்று டிவியை அணைத்தார்.

"கரிச்சுது இல்ல," என்றாள் டிரைவரம்மா. "கரிக்கத்தான் கரிக்கும். நான்தான் போட்டேன்."

"என்ன போட்ட?"

"உப்பு. வேணும்னே போட்டேன். நீங்க வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு போட்டேன். சொல்லலை. அதனால இன்னும் போட்டேன். எனக்கும்தான் கரிச்சுது. காட்டிக்கலை."

அவன் எழுந்து நின்றான். எழுந்து நின்ற வேகத்தில் டீப்பாய் மேலிருந்த டம்ளர் உருண்டது.

"ஒரு வருஷமாவா?" அந்த வீட்டில் யாரும் அவன் குரலை அந்த உயரத்தில் கேட்டதில்லை. "ஒரு வருஷமா என்னை முட்டாளாக்கி உக்கார வெச்சியா? நான் வீட்டுத் தண்ணில கோளாறோன்னு பாத்தேன். டாக்டர்கிட்ட போலாமான்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீ தூங்கினப்புறம் எழுந்து போய் சக்கரையைத் தனியா, உப்பைத் தனியா நாக்குல வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன்டி, பைத்தியக்காரன் மாதிரி! சக்கரை சக்கரையாத்தான் இருந்துச்சு. உப்பு உப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் காலைல நீ ஒரு முட்டையைக் கொண்டாந்து வைப்ப. கரிக்கும். நிமிந்து உன் மூஞ்சியைப் பார்ப்பேன். ஒரு சுளிப்பு இருக்காது. அந்த ஆளு சொன்னதுக்காக இல்லடி. உன் மூஞ்சியைப் பாத்துத்தான் என் நாக்கு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணினேன்!"

"சொல்றதுக்கென்ன உங்களுக்கு, வாயில கொழுக்கட்டையா?" என்று அவள் பதிலுக்குப் பாய்ந்தாள். பாதியிலேயே நின்றுபோனது. தாடியின் மேல் வைத்திருந்த கோபம் அத்தனையும் வந்த வழியே திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. அவன் ஒரு நாள் சொன்னான். அவள் மூன்று வேளையும் சொல்லியிருக்கிறாள், தட்டில் போட்டு.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் காலியாக இருந்தும் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தான். அவள் பின்னாலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திரையில் பார்த்த முதுகுதான். ஆனால் இப்போது குனிந்திருக்கவில்லை. ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து விறைத்திருந்தது. எதிரே வந்த லாரி அநியாயமாகப் பஸ்ஸை ஓரம் கட்டியபோது அதை ஓட்டினவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்குப் போனான். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சூப்புச் சட்டி அடுப்பின் மேல் இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கரிக்குது" என்றான்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உடம்பெல்லாம் கூசியது.

அவன் மூடியைப் போட்டான். அதன் மேல் கரண்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். அப்படியே சட்டியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெங்காயக் கூடையை இழுத்து, கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான். அவள் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். உப்பைத் தின்றவள் குடித்துத்தானே ஆக வேண்டும்.

"நாளைக்குக் காலைல உன் முதல் பஸ் டிப்போ பின்தெரு வழியாத்தானே போவுது?" என்றான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா. முன் சீட்டு ஒண்ணு பிடிச்சு வைக்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். எனக்கு இன்னும் கோபம் ஆறலை. நான் நின்னுக்கிட்டே வரேன்."